அம்பைத்தான் தேடினேன்

கார்த்தி,

நலமா என்று கேட்டுத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. புனேயில் இறங்கியதும் "ரீச்டு" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பினாய். அதற்குக் கீழேயே "மாத்திரை போட்டியா?" என்று கேட்டிருந்தாய். எந்த மாத்திரை? ஒரு வாரத்துக்கு மேல் என்னோடு இருந்தாய், என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாய், அந்த டாக்டர் எனக்கு ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை. அது உன் நினைவில் இல்லை. ஞாபகசக்தியைச் சோதிக்க நம் இருவரில் யாரைக் கூட்டிப் போயிருக்க வேண்டும் என்று அந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசும்போதெல்லாம் உன் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பப் போவதில்லை, கூரியரில் வரும். வேறு எதையும் செய்யாமல் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதை வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாய். உன் சித்தி போன் செய்து, "அக்கா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் ஒரே அலமாரியில் புடவை வைத்துக்கொண்டவள் போலப் பேசுகிறவள், என்னிடம் அப்படிக் கேட்டாள். தெரிகிறது, நீ கடன் கேட்கும்போது மட்டும் கூப்பிடுகிறவள்தானே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நோயின் கணக்கில்தானே எழுதியிருப்பாள்.

நான் வில் பிடிக்கக் கற்றுக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் அப்பா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தன. மற்ற நாளெல்லாம் எப்படியோ போய்விடும். ஞாயிறு காலையில் அவர் இல்லாத வீடு நகரவே நகராது. பின் தெருவில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருக்கிறாள், கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் ஸ்கூட்டரில் நீளமான துணிப்பை ஒன்றைக் கட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் வழிமறித்து என்ன என்று கேட்டேன். "வில்லு ஆன்ட்டி. படப்பைப் பக்கம் ஒரு தோட்டத்துல ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழகுறோம். வர்றீங்களா?" என்றாள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். மறு வாரம் நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் திகைப்பு. போட்டிகளில் விடுகிற வில்லில் இருக்கிற மாதிரி சக்கரம், கண்ணாடி, குறி பார்க்கும் கருவி எதுவும் அங்கே கிடையாது. மர வில், மூங்கில் அம்பு, பின்னால் இறகு. பழைய முறை. முதல் நாள் நாண் பட்டு என் இடது முன்கை கன்றிப் போனது. வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவர் போனபிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதை உன்னிடம் சொல்லவில்லையா? சொன்னேன். பொங்கலன்று போனில் சொன்னேன், "கார்த்தி, நான் வில்லு விடக் கத்துக்கறேன்டா" என்று. நீ, "சூப்பர்மா, என்ஜாய் பண்ணு" என்றாய். அடுத்த மாதம், "யோகா எப்படிப் போவுது?" என்று கேட்டாய். யோகா இல்லடா, வில்லு என்றேன். "ஆங், அதான்" என்றாய். எனக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தோட்டத்தில் வைக்கோல் அடைத்த சாக்குகளை ஒரு மரச் சட்டத்தில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மேடு. குறி தப்பினாலும் மண்ணில் போய்க் குத்தும். என் கடைசி அம்பு சாக்கிலும் படவில்லை, மண்ணிலும் படவில்லை. மரச் சட்டத்தின் ஓரத்தில் பட்டுத் தெறித்து, இடப்பக்கம் சாலையோர வேலி வரைக்கும் வளர்ந்து கிடக்கிற கோரைக்குள் போய்விட்டது. புல்லில் விழுந்த அம்பைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கதைப் படங்களில் வருகிற மாதிரி குத்திட்டு நிற்காது. பாம்பு போலப் புல்லுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். இறகு அமுங்கிவிடும். நின்றுகொண்டு பார்த்தால் பக்கத்திலேயே கிடந்தாலும் தெரியாது. முழங்கால் போட்டுக் குனிந்து, புல்லைக் கையால் பிளந்து பிளந்து, வெயில் சாய்வாக விழுகிற பக்கம் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை.

எல்லோரும் கொஞ்ச நேரம் தேடினார்கள். பிறகு அவரவருக்கு வேலை. ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போக வேண்டும், பூசை முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றாள். நான்தான் எல்லோரையும் அனுப்பினேன். விட்டது நான், தேட வேண்டியதும் நான். தோட்டக்காரர் மணி இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். "இன்னாம்மா, இன்னும் கெடைக்கலியா? மாடு வேற அங்கதான் மேஞ்சிகினு கீது. கால்ல ஏறிச்சின்னா பேஜாராயிடும்" என்றார். கெடச்சிடும் மணி, மாட்டை அந்தப் பக்கம் கட்டுங்க என்றேன். அவர் வீட்டம்மா தினமும் சாயங்காலம் அந்தக் கோரையில்தான் புல் அறுக்கிறாள், வெறுங்காலோடு. அம்பின் முனையில் இரும்பு இருக்கிறது. இன்னொருவர் நிலத்தில் ஒரு இரும்பு முனையைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உன் அப்பாவுக்கும் இருந்ததில்லை. உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் தினேஷ் அந்தப் பக்கம் வந்தான். உன்னோடு பள்ளியில் படித்தவன், நம் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். ஒரகடத்தில் வேலை, ஞாயிறு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சாலையில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "ஆன்ட்டி, நீங்களா? இங்க இன்னா பண்றீங்க?" என்று கத்தினான். பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் எந்த இடம் வரைக்கும் பார்த்தேன் என்பது தவறிவிடும். குனிந்தபடியே, "அம்பைக் காணோம்ப்பா, அதான் தேடறேன்" என்றேன். அவன் காதில் விழுந்தது, "அன்பைக் காணோம்ப்பா."

அன்பழகன் என்கிற உன் அப்பாவை இந்தப் பகுதியில் அன்பு சார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். தினேஷுக்கும் அப்படித்தான். அன்பு சார் இறந்தபோது பந்தல் போட ஓடியவன் அவன். அவன் அரண்டு போனதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். தலையெல்லாம் புல்லும் புடவையெல்லாம் மண்ணுமாக, செத்துப்போன புருஷனைக் கோரைக்குள் தேடுகிறேன் என்று ஒரு பொம்பளை சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? "இருங்க ஆன்ட்டி, நான் கார்த்திக்குப் போன் பண்றேன்" என்றான். அவனுக்கு எதற்குப்பா, அவன் புனேயிலிருந்து வந்து தேடப் போறானா என்று நான் சொன்னது வேறு அவனுடைய பயத்தை உறுதி செய்துவிட்டது. ஸ்டெல்லா திரும்பி வருகிற வரைக்கும் தேடியும் அன்றைக்கு அம்பு கிடைக்கவில்லை, கிடைக்கும் வரை அந்தப் பக்கம் மாட்டையும் வீட்டம்மாவையும் விட வேண்டாம் என்று மணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

என் கேள்வி உனக்கு. தினேஷ் சொன்னான், நீ நம்பினாய். சரி. ஆனால் உன் அம்மா உன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? கல்யாணமான நாளிலிருந்து "ஏங்க"தான். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால், உன்னை முன்னால் தள்ளுவேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீதான் கணீரென்று "அன்பழகன்" என்று சொல்வாய். கடைக்காரர் சிரிப்பார். உயிரோடு இருந்தவரையே பெயர் சொல்லாதவள், படப்பை ரோட்டில் நின்று, அன்பைக் காணோம் என்று தினேஷிடம் சொல்வேனா என்று உனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? தோன்றியிருக்கிறது. அதையும் நீ நோய் என்றே எடுத்துக்கொண்டாய். "அப்பா பேரையே சொல்ல மாட்டாங்க, இப்ப பேர் சொல்லித் தேடுறாங்கன்னா முத்திப் போச்சு" என்று உன் சித்தியிடம் சொன்னாயாம். ஒரே ஒரு போன் எனக்குச் செய்து, அம்மா எதைத் தேடினே என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். விமான டிக்கெட் எடுத்தாய், கேட்கவில்லை.

வந்து இறங்கினாய். லீவு கிடைச்சுதும்மா, சும்மா வந்தேன் என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வஞ்சிரம் வாங்க தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறாய். திருட்டுப் பயம் ஜாஸ்தியாம். அடுப்பு பற்றவைக்கிற லைட்டரைக் காணோம், கேட்டால் ரிப்பேர் என்றாய். எதிர்வீட்டு சுகுணா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போனாலும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கா" என்று கண் கலங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பி.பி. பார்த்துட்டு வரலாம்மா என்று நீ கூப்பிட்டபோதுகூட, பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த டாக்டர் பெண் நல்ல பெண். மரியாதையாகப் பேசினாள். இன்னைக்கு என்ன கிழமை என்றாள், சொன்னேன். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுக்கிட்டே வாங்க என்றாள். தாம்பரம் ஸ்டேஷனில் காலம் முழுக்க டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ரயில் கிளம்புகிற அவசரத்தில் கத்துகிறவர்களுக்கு மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்தவள் நான். தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மூச்சு விடாமல் இரண்டு வரைக்கும் இறங்கினேன். அவள் சிரித்துவிட்டாள். அதோடு விட்டிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அடுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

உன்னைப் பார்த்தேன். சின்ன வயதில் சொன்ன மாதிரி நீ சொல்வாய் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானே சொன்னேன். "அன்பழகன்."

"அவர் இப்ப எங்க இருக்காரும்மா?"

அதைக் கேட்பது அவள் வேலை, அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது நீ. உன் அப்பா எங்கே என்று என்னிடம் ஒருவர் கேட்க, நீ பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாய். அந்த நிமிஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல். "இறந்துட்டாரும்மா. நெஞ்சுவலி. இவன்தான் கொள்ளி வெச்சான்" என்றேன்.

"அப்ப அன்னைக்குப் படப்பையில யாரைத் தேடுனீங்க?"

"யாரையும் இல்லம்மா. அம்பு."

"அதான்மா, அன்பு..."

"அன்பு இல்ல டாக்டர். அம்பு. வில்லு அம்பு. நாண்ல வெச்சு விடுவாங்களே, அது."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், "அம்மா, என்ன வில்லு?"

என்ன வில்லா? பொங்கலுக்குச் சொன்ன வில். யோகா இல்லடா என்று திருத்தின வில். ஹாலில் கதவுக்குப் பின்னால், என் உயரத்துக்கு, பளபளவென்று எண்ணெய் தேய்த்துச் சாய்த்து வைத்திருந்தேனே, அந்த வில். நீ வந்த நாளிலிருந்து உன் லேப்டாப் பையை அதன் மேல்தான் மாட்டிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் அதைக் காட்டினேன். "இது கர்ட்டன் கம்பின்னு நெனச்சேன்மா" என்றாய். வளைந்த கர்ட்டன் கம்பி. என்னைக் கண்காணிக்க நீ வாங்கி மாட்டிய கேமராவில்கூட அந்த வில் தெளிவாகத் தெரிகிறது.

அங்கே நீ ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "சரி விடும்மா, ஒரு அம்புக்காகவா இந்தக் கூத்து, ஆன்லைன்ல ஒரு டஜன் ஆர்டர் பண்ணித் தரேன்" என்றாய். நாலு வயதில் ஒரு தீபாவளி சமயம் தாம்பரம் கடைத்தெருவில் நீ கை நழுவிக் காணாமல் போனாய். உன் அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, பாத்திரக் கடை வாசலில் அழுதுகொண்டு நின்ற உன்னைக் கண்டுபிடித்தோம். அன்றைக்கு யாரும் எங்களிடம், விடுங்க, வேற பிள்ளை பெத்துக்கலாம் என்று சொல்லவில்லை. பிள்ளையும் அம்பும் ஒன்றா என்று கேட்பாய். ஒன்றில்லை. ஆனால் தொலைத்தவர்கள் தேட வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதோடும் நிற்கவில்லை. நோய் இல்லை என்று ஆன பிறகும், வந்த காரியத்தை முடிக்காமல் போக உனக்கு மனமில்லை. "இருந்தாலும் இந்த வயசுல காடு மேடெல்லாம் எதுக்கும்மா? பாம்பு இருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்துல இப்ப நல்ல ரேட் போவுது, வீட்டைக் கொடுத்துட்டு எங்ககூட வந்துடு" என்றாய். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ நம்பிய நாட்களிலேயே புரோக்கரைப் பார்த்துவிட்டாய் என்பது மறுநாள் அவர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் என் சமையலறையில் நின்று, இந்தச் சுவரை இடிச்சுடலாம் என்று என் எதிரிலேயே சொன்னார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். லைட்டர் இல்லாததால் தீப்பெட்டியில் பற்றவைத்து.

நீ கிளம்புவதற்கு முன் வந்த ஞாயிறு, என்னைப் படப்பைக்குக் கூட்டிப் போ என்று கேட்டேன். வாடகைக்கு எடுத்த காரில் கூட்டிப் போனாய், முடிச்சூர் ரோடு முழுக்க டிராபிக்கைத் திட்டிக்கொண்டு. தோட்டத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, "நீ போய்ட்டு வாம்மா, எனக்கு ஒரு ஆபீஸ் போன் கால் இருக்கு" என்று ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தாய். உள்ளே தினேஷ் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டுத் தானாக வந்திருக்கிறான். "ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. லாரி சத்தத்துல சத்தியமா எனக்கு அன்புன்னுதான் கேட்டுச்சு" என்றான். பரவாயில்லப்பா, நீ நின்னு கேட்டியே, அதுவே பெரிசு என்றேன். அவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கோரைக்குள் இறங்கினான். ஸ்டெல்லா, மற்ற பிள்ளைகள், மணி எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, வேலிப் பக்கமிருந்து தேடிக்கொண்டே வந்தோம். வேலியோரம்தான் விழுந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். கிடைத்தது வேறிடத்தில். சாக்குக்கு ரொம்பப் பக்கத்தில், யாரும் தேடாத இடத்தில். தண்ணீர் குடிக்கத் திரும்பி நடந்த தினேஷின் காலடியில் படக்கென்று ஒரு சத்தம். அம்பு இரண்டாக முறிந்துவிட்டது.

அவன் முகம் செத்துப்போயிற்று. "போச்சு ஆன்ட்டி, ஒடச்சிட்டேன்" என்றான். எனக்கு வருத்தமே இல்லை. முறிந்த அம்பு கையில் இருப்பது, முழு அம்பு புல்லில் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். முனை இருந்த துண்டை மணி வாங்கிப் பார்த்து, "நல்ல வேளை, மாட்டுக் கால்ல ஏறல" என்றார். இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து உன் கார் கண்ணாடிக்கு வெளியே காட்டினேன். நீ போனில் பேசிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினாய். கண்ணாடியை இறக்கவில்லை. தப்பாகக் கேட்டவன் வந்து இறங்கித் தேடினான். கேட்கவே கேட்காதவன் வண்டிக்குள் இருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசவில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்காது.

நீ போன மறுநாளே கேமராவைக் கழற்றிவிட்டேன். புரோக்கரைக் கூப்பிட்டு, வீட்டுக்காரி உயிரோடும் புத்தியோடும் இருக்கிறாள், இனிமேல் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லைட்டர் உன் அறை பரண்மேல் இருந்தது, எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலையில் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். வேறு நாளில் கூப்பிடு. கூப்பிட்டால் அந்த நேரம் மட்டும் லேப்டாப்பை மூடி வை. பேச நேரமில்லை என்றால் அதைச் சொல், எனக்குக் கோபம் வராது. பாதிக் காதோடு பேசுவதைத்தான் என்னால் இனிமேல் தாங்க முடியாது.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. இந்த முறை நான் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன் என்பதால், என்றைக்கும் சொல்வேன் என்று அர்த்தமில்லை. எனக்கும் வயது ஏறுகிறது. தினேஷ் தப்பாகக் கேட்டது ஒருநாள் நிஜமாகவே நடக்கலாம். எங்கேயாவது ஒரு காலி மனையிலோ ரயிலடியிலோ நான் உன் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கலாம், வாய்விட்டுப் பெயர் சொல்லிக்கூட. அன்றைக்கும் உனக்கு யாராவது போன் செய்வார்கள். அப்போது சித்தியைக் கூப்பிடாதே, புரோக்கரைக் கூப்பிடாதே. அப்பா செத்துட்டாரும்மா என்று அத்தனை பேர் நடுவில் எனக்கு ஞாபகப்படுத்தாதே. வண்டியை விட்டு இறங்கு. பேன்ட்டை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வா. நான் பார்க்கிற பக்கம் நீயும் கொஞ்ச நேரம் பார். அவர் கிடைக்க மாட்டார் என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. பரவாயில்லை. வெளிச்சம் குறைகிறபோது, "இன்னைக்கு இவ்வளவு போதும்மா, நாளைக்கு வந்து பாக்கலாம்" என்று சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போ.

அம்மா